தோற்ற பிறகு சேர்ந்தவர்கள்

சின்சினாட்டி நகரிலிருந்து 75ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே வந்தால், ஒஹாயோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி கண்ணில் படும். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய உயரமான தொட்டி. 1974இல் அதைக் கட்டியபோது, அங்கே வரவிருந்த வணிக வளாகத்தின் பெயரை 'ஃப்ளாரன்ஸ் மால்' என்று ஆள் உயர எழுத்துகளில் எழுதிவிட்டார்கள். வளாகமோ இன்னும் கட்டப்படவில்லை. இல்லாத கடைக்கு நெடுஞ்சாலையோரம் விளம்பரம் கூடாது என்று விதி குறுக்கே வந்தது. மொத்தத்தையும் அழித்து எழுதச் செலவாகும். ஊர்க்காரர்கள் யோசித்து, 'எம்' எழுத்தின் இரண்டு கால்களை மட்டும் அழித்து, நடுவில் ஒரு கோடு இறக்கி, அதை 'ஒய்' ஆக்கிவிட்டார்கள். மால், யால் ஆயிற்று.

அமெரிக்காவின் தென்பகுதிப் பேச்சில் 'யால்' என்றால் நம் வீட்டுப் பேச்சில் 'நீங்கல்லாம்'. வடக்கத்தியர் ஒருவரைக் கூப்பிட்டாலும் பத்துப் பேரைக் கூப்பிட்டாலும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். பன்மைக்கென்று தனிச்சொல் வைத்திருப்பவர்கள் தெற்கத்தியர். ஆக, சிக்கனத்துக்காக மாற்றிய ஓர் எழுத்து, இங்கிருந்து தெற்கு தொடங்குகிறது என்று அறிவிக்கும் பலகையாகிவிட்டது. பிறகு அந்த வளாகம் வந்தது. தொட்டியை யாரும் மாற்றி எழுதவில்லை.

ஆனால் உண்மையிலேயே அங்கிருந்துதான் தெற்கு தொடங்குகிறதா? கென்டக்கி தெற்கு மாநிலமா? அமெரிக்கர்கள் ஒன்றரை நூற்றாண்டாகச் சலிக்காமல் கேட்டுவரும் கேள்வி இது. உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன 11 மாநிலங்களில் கென்டக்கி இல்லை. அடிமை முறையை ஒழித்த வடமாநிலங்களிலும் அது இல்லை. அடிமைகளை வைத்துக்கொண்டே லிங்கனின் ஒன்றியத்தில் இருந்த 'எல்லை மாநிலங்கள்' என்னும் சிறு கூட்டத்தில் அது ஒன்று. டெலவேர், மேரிலாந்து, மிசௌரி மற்றவை. போரின் நடுவே வர்ஜீனியாவிலிருந்து பிய்ந்துவந்த மேற்கு வர்ஜீனியாவையும் சேர்த்துக்கொள்வார்கள்.

அறிஞர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு வரைபடத்தை விரிப்பார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் கணக்கில் தெற்கு என்பது 16 மாநிலங்களும் வாஷிங்டனும்; டெலவேர்கூட அதில் தெற்குதான். சமூகவியலாளர் ஹோவர்ட் ஓடம் 1936இல் எழுதிய பெரிய நூலில் தென்கிழக்கு என்று வகுத்த 11 மாநிலங்களில் கென்டக்கி உண்டு. அரசியல் அறிஞர் வி.ஓ.கீ 1949இல் தென்னக அரசியலைப் பற்றி எழுதியபோது பிரிந்துபோன 11 மாநிலங்களோடு நிறுத்திக்கொண்டார், கென்டக்கி வெளியே. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஜான் ஷெல்டன் ரீட் இன்னும் வேடிக்கையான வழியைக் கண்டுபிடித்தார். ஊர் ஊராகத் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, 'டிக்ஸி' என்று தெற்கின் செல்லப்பெயரைத் தாங்கிய கடைகள் எத்தனை, 'அமெரிக்கன்' என்ற பெயர் கொண்டவை எத்தனை என்று எண்ணி, அந்த விகிதத்தைக் கொண்டு தெற்கின் எல்லையைப் போட்டார். சிரிப்பு வரலாம். ஆனால் மளிகைக் கடைக்காரன் பெயர்ப்பலகைக்குக் காசு கொடுக்கிறவன். எந்தப் பெயர் வாடிக்கையாளரை இழுக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

அதே பல்கலைக்கழகத்தார் 1990களில் மக்களையே கேட்டார்கள்: நீங்கள் வசிக்கும் ஊர் தெற்கில் இருக்கிறதா? மிசிசிப்பி, அலபாமாவில் நூற்றுக்கு 97, 98 பேர் ஆமாம் என்றார்கள். கென்டக்கியில் ஏறத்தாழ 79. மேரிலாந்தில் 40, மிசௌரியில் 23, டெலவேரில் 14. இந்த நான்கு எல்லை மாநிலங்களும் போரின்போது ஒரே வரிசையில் நின்றவை. கென்டக்கி மட்டும் வரிசையை விட்டு விலகி, எந்தக் கூட்டணியை எதிர்த்துப் போரிட்டதோ அந்தப் பக்கம் போய் நிற்கிறது. எத்தனை பேர் என்பதைக் கருத்துக்கணிப்பு சொல்லிவிடும். எப்போதிலிருந்து என்று அது கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

கென்டக்கி முதலில் வர்ஜீனியாவின் ஒரு மாவட்டம். டேனியல் பூன் 1775இல் கம்பர்லாந்துக் கணவாய் வழியாகப் பாதை வெட்டினார். பின்னாலேயே வர்ஜீனியக் குடும்பங்கள் வண்டியோடும் விதையோடும் அடிமைகளோடும் மலை தாண்டி வந்தன. 1792இல் அது ஒன்றியத்தின் 15ஆவது மாநிலமாயிற்று. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று சட்டம் வந்திருந்தது. ஆற்றின் தென்கரையில் அந்தத் தடை இல்லை. நாட்டையே இரண்டாகப் பிளந்த கோட்டின் ஒரு நீண்ட துண்டு, கென்டக்கியின் வடக்கு எல்லையாக ஓடும் தண்ணீர்.

இங்கே பருத்திக் காடு கிடையாது. புகையிலை, குதிரை, ஹெம்ப் என்னும் நார்ச்செடி, இவைதான் பிழைப்பு. ஆனால் அந்த நாரில் திரித்த கயிறும் நெய்த சாக்கும் எங்கே போயின? மிசிசிப்பிக்கும் அலபாமாவுக்கும், பஞ்சுப் பொதி கட்ட. பருத்தியை விளைவிக்காமலே பருத்திப் பொருளாதாரத்தின் முடிச்சாக இருந்தது கென்டக்கி. கயிற்றோடு மனிதர்களையும் அனுப்பியது. லெக்சிங்டன் நகரின் நீதிமன்றத்தை ஒட்டிய சீப்சைடு சந்தையில் ஏலம் போனவர்கள் படகேறி ஆற்றுவழியே பருத்தி மாநிலங்களுக்குப் போனார்கள். நம்பியவரைக் காட்டிக்கொடுப்பதை 'ஆற்றின் கீழே விற்றுவிட்டான்' என்று சொல்லும் வழக்கு ஆங்கிலத்தில் இன்னும் இருக்கிறது. அது இந்த வியாபாரத்தில் பிறந்த சொல். 1860இல் மாநிலத்தின் ஜனத்தொகை பதினொன்றரை லட்சம். அதில் 2,25,483 பேர் அடிமைகள். ஐந்தில் ஒருவர்.

1856 ஜனவரியில் ஒஹாயோ ஆறு உறைந்து கிடந்தது. மார்கரெட் கார்னர் என்ற பெண் கணவனோடும் நான்கு குழந்தைகளோடும் பனிக்கட்டியின் மேல் நடந்து சின்சினாட்டிக்குத் தப்பினாள். அவள் புறப்பட்டது, இன்று அந்தத் தண்ணீர்த் தொட்டி நிற்கும் அதே பூன் மாவட்டத்திலிருந்து. பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்துகொண்டபோது, திரும்பவும் அடிமையாக வளரக் கூடாது என்று தன் சின்ன மகளைக் கத்தியால் வெட்டிக் கொன்றாள். கொலைக்காக விசாரிப்பதா, எசமானனின் உடைமை என்று திருப்பிக் கொடுப்பதா என்று நீதிமன்றத்தில் வழக்காடினார்கள். உடைமை என்றே தீர்ப்பாயிற்று. அவளைத் தெற்கே அனுப்பிவிட்டார்கள். டோனி மாரிசன் 1987இல் எழுதிய 'பிலவட்' நாவலின் விதை அவள் கதை. மார்கரெட்டிடம் போய்க் கென்டக்கி தெற்கா என்று கேட்டிருந்தால் கேள்வியே அவளுக்கு விளங்கியிருக்காது. ஆற்றின் இந்தக் கரை, அந்தக் கரை; அவளுக்குத் திசை இரண்டுதான்.

ஆனால் வெள்ளைக் கென்டக்கியர் அந்தக் காலத்தில் தங்களைத் 'தெற்கு' என்று மட்டும் நினைத்துக்கொள்ளவில்லை. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அன்றைய அமெரிக்காவுக்குக் கென்டக்கி மேற்கு. லெக்சிங்டனைச் சேர்ந்த ஹென்றி கிளே ஜனாதிபதி பதவிக்குத் திரும்பத் திரும்பப் போட்டியிட்டபோது மேற்கின் மைந்தன் என்றுதான் கொண்டாடப்பட்டார். பேரம் பேசி வடக்கையும் தெற்கையும் கட்டிப்போடுவதே அவருடைய தொழில். நாடு மேற்கே வளர வளர மேற்கு என்ற சொல் நகர்ந்து நகர்ந்து கலிபோர்னியா வரை போய்விட்டது. இருந்த இடத்திலேயே இருந்த கென்டக்கிக்கு வேறு திசை தேட வேண்டியதாயிற்று. ஒரு மாநிலம் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று கேட்கும்போது, மாநிலத்தைத்தான் எல்லாரும் உற்றுப் பார்க்கிறார்கள். பகுதியும் நகரக்கூடியது என்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

1860 தேர்தலைப் பாருங்கள். லிங்கன் கென்டக்கியில் பிறந்தவர்; மனைவி மேரி டாட் லெக்சிங்டன்காரி. அவருக்குச் சொந்த மாநிலம் போட்ட ஓட்டு 1,364. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. தெற்கத்திய ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்ற துணை ஜனாதிபதி பிரெக்கின்ரிட்ஜும் கென்டக்கிக்காரர்தான். அவரும் அங்கே தோற்றார். ஒன்றியம் உடையக் கூடாது, வேறெதுவும் பேச வேண்டாம் என்று சொல்லி நின்ற டென்னஸியின் ஜான் பெல்லுக்கு மாநிலம் போயிற்று. போர் தொடங்கிப் படை கேட்டபோது ஆளுநர் மகாஃபின் லிங்கனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். 1861 மே மாதம் மாநிலம் நடுநிலை என்று அறிவித்துக்கொண்டது. உள்நாட்டுப் போரில் ஒரு மாநிலம் நடுநிலை! வீட்டில் அண்ணன் தம்பி அடித்துக்கொள்ளும்போது நடுக்கூடம் மட்டும் எந்தப் பக்கமும் இல்லை என்று சொல்வது மாதிரி. செப்டம்பரில் தெற்கின் தளபதி போல்க், மிசிசிப்பிக் கரையிலுள்ள கொலம்பஸ் ஊரைப் பிடித்தார். நடுநிலையை முதலில் மீறியவன் தெற்கத்தியன் என்றாயிற்று. சட்டமன்றம் ஒன்றியத்தின் பக்கம் சாய்ந்தது. கென்டக்கியை இழந்தால் ஆட்டம் முழுவதும் போனது மாதிரி என்ற பொருளில் லிங்கன் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதியது அந்த மாதம்தான்.

தெற்கை ஆதரித்துத் தோற்ற தரப்பும் சும்மா இருக்கவில்லை. ரஸல்வில் என்ற ஊரில் கூடித் தனி அரசை அறிவித்தார்கள். தெற்கத்திய கூட்டமைப்பு டிசம்பரில் அதைச் சேர்த்துக்கொண்டது. கூட்டமைப்புக் கொடியின் 13 நட்சத்திரங்களில் ஒன்று கென்டக்கிக்கு, ஒன்று மிசௌரிக்கு. இரண்டுமே அவர்களுடைய முழு ஆட்சிக்குள் ஒருநாளும் வராத மாநிலங்கள். சமரசத்துக்காகக் கடைசிவரை மன்றாடிய செனட்டர் ஜான் கிரிட்டெண்டனின் ஒரு மகன் வடக்கின் தளபதி, இன்னொரு மகன் தெற்கின் தளபதி. இதெல்லாம் பள்ளிப் புத்தகங்களில் கண்ணீரோடு எழுதப்படும் கதை. எண்ணிக்கை அவ்வளவு உருக்கமாக இல்லை. ஒன்றியப் படையில் ஏறத்தாழ ஒரு லட்சம் கென்டக்கியர். தெற்கின் படையில் 25,000த்திலிருந்து 40,000 வரை. கென்டக்கி எந்தப் பக்கம் போரிட்டது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

போர் முடிந்ததும் அது மறுபக்கம் சேர்ந்தது.

வரலாற்றாசிரியர்கள் நூறாண்டாகச் சொல்லிவரும் நகைச்சுவைதான் இது: கென்டக்கி பிரிந்துபோனது, ஆனால் போர் முடிந்த பிறகு. ஏன் அப்படி? ஒன்றியத்தின் பக்கம் நின்ற வெள்ளைப் பண்ணையார்களில் பெரும்பாலோர் அடிமை முறையைக் காப்பாற்றவே அங்கு நின்றார்கள். பிரிந்துபோனால் ஆற்றுக்கு அப்பால் அந்நிய நாடு. ஓடிப்போன அடிமையைத் திருப்பித் தரச் சட்டமே இருக்காது. உள்ளே இருந்தால் அரசியல் சட்டம் நம் சொத்தைக் காக்கும் என்பது அவர்கள் கணக்கு. 1863இன் விடுதலைப் பிரகடனம் கென்டக்கிக்குப் பொருந்தாது என்றபோது அந்தக் கணக்கு சரி என்றே தோன்றியது. அடுத்த ஆண்டு கறுப்பர்களைப் படையில் சேர்க்கத் தொடங்கினார்கள். சேர்ந்தவன் அந்த நிமிடமே சுதந்திர மனிதன். புகையிலைக் கொல்லைகளிலிருந்து ஆட்கள் இரவோடு இரவாக நடந்து முகாம்களுக்குப் போனார்கள். 23,000க்கும் மேல். லூசியானா ஒன்றைத் தவிர வேறெந்த மாநிலமும் இத்தனை கறுப்பு வீரர்களைத் தரவில்லை. பண்ணையார்களின் கோபம் ஒன்றியத்தின் மேல் திரும்பிய இடம் இதுதான்.

அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது திருத்தத்தை 1865 பிப்ரவரியில் கென்டக்கி சட்டமன்றம் நிராகரித்தது. டெக்சாஸின் அடிமைகள் அந்த ஜூனில் விடுதலையை அறிந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளை இப்போது தேசமே கொண்டாடுகிறது. லிங்கன் பிறந்த மாநிலத்தில் அதற்குப் பிறகும் அரை ஆண்டு, டிசம்பர் வரை, ஒரு மனிதரை இன்னொருவர் சட்டப்படி உடைமையாக வைத்திருக்க முடிந்தது. திருத்தத்துக்குக் கென்டக்கி ஒப்புதல் கொடுத்த ஆண்டு 1976. அச்சுப்பிழை இல்லை.

பிறகு கதை வேகம் பிடித்தது. தெற்கின் படையில் இருந்திருக்கிறேன் என்பது ஓட்டு வாங்கித் தரும் தகுதியாயிற்று. 1862இல் டொனல்சன் கோட்டையை ஒன்றியத் தளபதி கிராண்டிடம் ஒப்படைத்துச் சரணடைந்த தெற்கின் தளபதி சைமன் பக்னர், 1887இல் கென்டக்கியின் ஆளுநர். லூயிவில் நகரம் போர்க்காலம் முழுவதும் ஒன்றியப் படையின் பெரும் கிடங்கு. அங்கே 1895இல் தெற்கின் வீரர்களுக்கு எழுபது அடி உயர நினைவுத் தூண் எழுந்தது. அதைவிடப் பெரியது ஃபேர்வியூவில். தெற்கத்திய கூட்டமைப்பின் ஜனாதிபதி ஜெபர்சன் டேவிஸ் பிறந்த ஊர் அது. 1924இல் அங்கே முடிந்த கான்கிரீட் ஊசித்தூணின் உயரம் 351 அடி. சோளமும் புகையிலையும் விளையும் சமவெளியில் முப்பது மாடிக்கு மேல் தனியாக நிற்கிறது.

டேவிஸ் பிறந்து எட்டே மாதத்தில், 160 கிலோமீட்டர் தள்ளி, லிங்கன் பிறந்தார். ஹாட்ஜன்வில்லில் அவருக்கும் கோயில் கட்டினார்கள். வாழ்ந்த ஆண்டுக்கு ஒன்றாக 56 படிகள், கிரேக்கத் தூண்கள், உள்ளே அவர் பிறந்த மரக் குடிசை. அந்தக் குடிசையின் மரத்துண்டுகளை வளையம் எண்ணிப் பார்த்தபோது, லிங்கன் பிறந்து சில பத்தாண்டுகள் கழித்து வெட்டிய மரம் என்று தெரிந்தது. இப்போது அதை அடையாளக் குடிசை என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். ஒரு பக்கம் சிமெண்டு, ஒரு பக்கம் போலி மரம். இரண்டு ஜனாதிபதிகளையும் பெற்ற மண் என்ற பெருமைக்கு மட்டும் குறைவில்லை.

தெற்கின் தோல்வியை வீரகாவியமாக்கிய வேலையில் எல்லை மாநிலத்தாரின் பங்கு என்னை எப்போதும் வியக்கவைக்கும். கு கிளக்ஸ் கிளானை நாயகர்களாகக் காட்டி 1915இல் அமெரிக்காவையே மயக்கிய 'ஒரு தேசத்தின் பிறப்பு' படத்தை எடுத்த டி.டபிள்யூ. கிரிஃபித், கென்டக்கியில் பிறந்தவர். தெற்கின் படையில் இருந்த ஒரு கர்னலின் மகன். 1930இல் தெற்கின் வாழ்முறைக்காகப் பன்னிரண்டு எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரு கட்டுரைத் தொகுப்பு வெளியிட்டார்கள். அதில் ராபர்ட் பென் வாரன், ஆலன் டேட் இருவரும் கென்டக்கியில் பிறந்தவர்கள். மிசிசிப்பியில் பிறந்தவனிடம் நீ தெற்கத்தியனா என்று எவரும் கேட்பதில்லை. எல்லையில் பிறந்தவனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்கப்படுகிறவன்தான் குரலை உயர்த்துகிறான்.

குரலோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அது வியாபாரமும் ஆயிற்று. லூயிவில் குதிரைப் பந்தயம் 1875இல் தொடங்கியது. முதல் பந்தயத்தில் ஓடிய 15 குதிரைகளில் 13இன் மேல் அமர்ந்திருந்தவர்கள் கறுப்பு ஜாக்கிகள். ஜெயித்த குதிரையை ஓட்டிய ஆலிவர் லூயிஸும் அவர்களில் ஒருவர். இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளில் அவர்களைக் களத்திலிருந்தே விரட்டியாயிற்று. மிஞ்சியது அகலத் தொப்பி, புதினா போட்ட போர்பன், ஸ்டீபன் ஃபாஸ்டரின் பாட்டு. பிட்ஸ்பர்க் பக்கத்து வடக்கத்தியரான ஃபாஸ்டர் 1853இல் வெளியிட்ட அந்தப் பாட்டு, பண்ணையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தெற்கே போகும் அடிமையின் புலம்பல். அதையே 1928இல் மாநில கீதமாக்கினார்கள். கறுப்பர்களை இழிவாகக் குறிக்கும் சொல்லை நீக்கியது 1986இல். விற்கப்பட்டவனின் அழுகையை விற்றவர்களின் பேரப்பிள்ளைகள் கண்ணில் நீர் ததும்பக் கூட்டமாகப் பாடுவதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நம் ஊர் மால்களில் வெள்ளைக் கோட்டும் குறுந்தாடியுமாகச் சிரிக்கும் கோழிக்கடைத் தாத்தாவை எல்லாருக்கும் தெரியும். கென்டக்கி என்ற பெயரைத் தமிழ்நாட்டுக் குழந்தைகள் கேள்விப்பட்டதே அவரால்தான். ஹார்லண்ட் சாண்டர்ஸ் பிறந்தது ஆற்றுக்கு வடக்கே, இண்டியானாவில். கர்னல் பட்டம் படையில் வாங்கியதல்ல. 1935இல் கென்டக்கி ஆளுநர் கொடுத்த கௌரவம். முதல் கிளை திறந்தது 1952இல், யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகர்ப் பகுதியில். வடக்கத்தியர் ஒருவர் பழைய பண்ணையாரின் வேடம் கட்டி, தெற்கின் விருந்தோம்பலைப் பொட்டலம் கட்டி உலகமெங்கும் விற்றார். அவர் சாலையோரம் கடை போட்ட கார்பின் ஊரில், அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன் 1919இல், வெள்ளையர் கும்பல் ஊரிலிருந்த கறுப்பர்களில் கிட்டத்தட்ட எல்லாரையும் ரயிலேற்றித் துரத்தியிருந்தது. இதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட முடியாது.

அப்படியானால் கென்டக்கியின் தெற்குத்தனம் வெறும் வேடமா? நான் அப்படிச் சொல்லவில்லை. தெற்கு என்ற சொல் இரண்டு பொருளைச் சுமக்கிறது. ஒன்று, அடிமைச் சமூகமாகப் பல தலைமுறை சேர்ந்து வாழ்ந்ததில் விளைந்த வாழ்க்கை. சோளரொட்டி, புகையில் வாட்டிய இறைச்சி, பாப்டிஸ்ட் சபை, இழுத்துப் பேசும் பேச்சு, வம்சக் கதை சொல்லும் பழக்கம். கறுப்பரும் வெள்ளையரும் சமமாக இல்லாமல், ஆனால் சேர்ந்தே ஆக்கியது அது. கென்டக்கியில் அது 1792க்கு முன்பே இருந்தது. போரில் யார் பக்கம் நின்றாலும் மாறியிருக்காது. அந்த அளவில் தண்ணீர்த் தொட்டி சொல்வது மெய். இன்னொன்று, 1865க்குப் பிறகு தேர்ந்தெடுத்து அணிந்துகொண்ட தெற்கு: தோல்வியின் பெருமை, குதிரை வீரன், கற்சிலை. இரண்டாவதை முதலாவதின் பெயரால் விற்றதுதான் சாமர்த்தியம். சேர்ந்து ஆக்கியதன் பெருமையை ஒரு சாரார் மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

விடுபட்டவர்களின் கணக்கு பெரியது. கிழக்கு மலைக்காரர்களை விரைவாகச் சொல்லிவிடலாம். அடிமைகள் குறைவாக இருந்த மலை மாவட்டங்கள் ஒன்றியத்தின் பக்கம் உறுதியாக நின்றன. அந்த நன்றியில் தலைமுறை தலைமுறையாக லிங்கனின் கட்சிக்கு ஓட்டுப் போட்டன. நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை குறைந்ததும் பிள்ளைகள் ஒஹாயோவுக்கும் மிச்சிகனுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். பண்ணையார் கதையில் அவர்களுக்கு இடமில்லை.

கறுப்பர்களின் கதை அப்படி விரைந்து கடக்கக் கூடியதல்ல. கேம்ப் நெல்சன் முகாமுக்கு வீரர்களோடு மனைவியரும் குழந்தைகளும் வந்து குடிசை போட்டிருந்தார்கள். கணவன் விடுதலையானவன், அவர்கள் இன்னும் அடிமைகள். 1864 நவம்பர் கடுங்குளிரில் தளபதி அந்தக் குடிசைகளை இடித்து நானூறு பேரை வெளியே தள்ளினார். நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். செய்தி பரவி எழுந்த கொதிப்பில், கறுப்பு வீரர்களின் மனைவி மக்களுக்கும் விடுதலை என்று 1865 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்த முகாம் தேசிய நினைவிடமானது 2018இல். ஃபேர்வியூத் தூணுக்கும் இதற்கும் இடையே 94 ஆண்டுகள்.

இனப் பிரிவினையைச் சட்டமாக்கிய 1896ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தனியொருவராக மாறுபட்டவர் ஜான் மார்ஷல் ஹார்லன். ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்த கென்டக்கிக்காரர். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து படித்த பெரியா கல்லூரியை 1904இல் சட்டம் போட்டுப் பிரித்ததும் கென்டக்கிதான். நான்கு ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றபோதும் ஹார்லன் மறுத்தே எழுதினார். இவற்றில் எது அசல் கென்டக்கி என்று கேட்பதில் பயனில்லை. இரண்டும் அங்கேதான் விளைந்தன. ஆனால் ஒன்றுக்கு மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் சிலை இருந்தது.

லூயிவில்லில் பிறந்த காசியஸ் கிளேயின் பெயர், அடிமை முறையை எதிர்த்த ஒரு கென்டக்கிப் பண்ணையாரின் பெயர். அதை அடிமைப் பெயர் என்று உதறிவிட்டு முகம்மது அலி ஆனார் அவர். 1980இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி நடத்தியபோது எதிரே நின்ற ஜிம்மி எல்லிஸும் லூயிவில்காரர். எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த காலம். அன்று அரங்கில் கத்தித் தீர்த்த நம்மவர்களில் ஒருவருக்காவது மேடையில் இரண்டு தெற்கத்தியர் நிற்கிறார்கள் என்று தோன்றியிருக்குமா? அமெரிக்காவிலும் தோன்றாது. தெற்கத்தியன் என்ற சொல்லுக்கு முன்னால் வெள்ளை என்ற சொல் எழுதாமலே எழுதப்பட்டிருக்கிறது. அப்பலாச்சிய மலைக்காரர் என்றால் வெள்ளையர் என்று அகராதியே சொல்வதைக் கண்ட கென்டக்கிக் கவிஞர் பிராங்க் எக்ஸ் வாக்கர், 1991இல் 'அஃப்ரிலாச்சியன்' என்று புதுச்சொல்லே உண்டாக்க வேண்டியிருந்தது.

மற்ற எல்லை மாநிலங்கள் வேறு வேறு வழியில் போயின. மேரிலாந்து, வடக்கையும் தெற்கையும் பிரிப்பதாகச் சொல்லப்படும் மேசன் டிக்சன் கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. லிங்கனைக் கொடுங்கோலனாகத் தூற்றும் பாட்டை 2021 வரை மாநில கீதமாக வைத்திருந்தது. ஆனால் தலைநகர் வாஷிங்டன் பெருத்து அரசு ஊழியர்கள் குடியேறக் குடியேறத் தெற்கு அங்கிருந்து கரைந்தது. மேற்கு வர்ஜீனியா தெற்கோடு இருக்க மாட்டேன் என்று 1863இல் பிரிந்தே பிறந்த மாநிலம். இன்று அதன் மலைச்சாலைகளில் தெற்கின் போர்க்கொடி பறக்கும் வீடுகளைப் பார்க்கலாம். தாத்தாவுக்குத் தாத்தா எந்தக் கொடியைச் சுட்டு வீழ்த்தினாரோ அந்தக் கொடி.

கென்டக்கியின் தலைநகர் ஃபிராங்ஃபர்ட்டில், சட்டமன்றக் கட்டடத்தின் குவிமாடத்துக்குக் கீழே லிங்கன் சிலை 1911 முதல் நிற்கிறது. 1936இல் சற்றுத் தள்ளி ஜெபர்சன் டேவிஸையும் வைத்தார்கள். இரண்டு பக்கமும் எங்கள் பிள்ளைகளே என்று காட்டும் ஏற்பாடு. பள்ளிக் குழந்தைகள் வரிசையாக வந்து இரண்டையும் பார்த்துப் போனார்கள். எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2020 ஜூன் 13 அன்று, டேவிஸைப் பெயர்த்து எடுத்தார்கள்; அவர் பிறந்த ஃபேர்வியூவுக்கு அனுப்ப முடிவாயிற்று. பீடத்தைத் தூக்கியபோது அடியில் இரண்டு பொருள்கள் கிடந்தன. 1936 அக்டோபர் மாதத்து உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று. கூடவே ஒரு கென்டக்கி போர்பன் பாட்டில்.